நீள்விடுமுறையும் பகிர்விடுமுறையும்: அமெரிக்கப் பள்ளி நாட்காட்டி விவாதத்தின் சான்றுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வழக்கிலுள்ள நீண்ட கோடை விடுமுறையைக் குறைத்து, அந்நாட்களை ஆண்டு முழுவதும் சிறு விடுமுறைகளாகப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்னும் கோரிக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. கோடை விடுமுறை வேளாண் சமூகத்தின் எச்சம் என்பது, விடுமுறையில் மாணவர் கற்றதை இழக்கின்றனர் என்பது, பகிர்ந்தளித்தால் அவ்விழப்பு ஈடுசெய்யப்படும் என்பது ஆகிய மூன்று கருத்துகள் இக்கோரிக்கைக்கு அடித்தளமாக உள்ளன. இக்கட்டுரை இம்மூன்றையும் அவற்றுக்கு ஆதாரமான ஆய்வுகளின் வழி மதிப்பிடுகிறது. முதற்கருத்து வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பதும், இரண்டாவது அளவீட்டு முறையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதும், மூன்றாவதற்குப் போதிய சான்று இல்லை என்பதும் நிறுவப்படுகின்றன. இவ்விவாதம் தமிழ்வழிக் கல்விச் சூழலுக்கு எந்த அளவில் பொருந்தும் என்பதும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பள்ளி நாட்காட்டி, கோடை விடுமுறை, கற்றல் இழப்பு, தொகுப்பாய்வு, பல்தட நாட்காட்டி, கல்விச் சமத்துவம்.

முன்னுரை

கல்வி குறித்த விவாதங்களில் பாடத்திட்டம், பயிற்றுமொழி, தேர்வு ஆகியவை பெறும் கவனத்தைப் பள்ளி நாட்காட்டி பெறுவதில்லை. ஆயினும் குழந்தையின் ஓராண்டு எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பது பெற்றோரின் வேலை, ஆசிரியரின் ஊதியம், கட்டடத்தின் பயன்பாடு, குழந்தையின் உணவு ஆகிய அனைத்தையும் தொடுகிறது. அமெரிக்காவில் இது குறித்து நீண்ட ஆய்வு மரபு உருவாகியுள்ளது. அம்மரபில் தோன்றிய 'கோடைக்காலக் கற்றல் இழப்பு' என்னும் கருத்தாக்கம் இன்று பிற நாடுகளின் கல்வி உரையாடல்களிலும் எடுத்தாளப்படுகிறது. ஒரு கருத்தாக்கத்தைப் பெற்றுக்கொள்ளும்போது அதற்கு ஆதாரமான அளவீடுகளையும் சோதித்தறிவது ஆய்வாளரின் கடமை. அக்கடமையின் ஒரு பகுதியாகவே இக்கட்டுரை அமைகிறது.

முதற்கண் பெயர் குறித்த ஒரு தெளிவு தேவை. 'ஆண்டு முழுதும் நடைபெறும் பள்ளி' என்னும் வழக்கு, மாணவர்கள் கூடுதல் நாட்கள் பள்ளிக்கு வருகின்றனர் என்னும் எண்ணத்தை உண்டாக்குகிறது. உண்மையில் பெரும்பாலான இத்தகைய பள்ளிகளில் வேலைநாட்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. மிகுதியும் அறியப்பட்ட '45–15' முறையில் 45 நாட்கள் வகுப்பும் அதனைத் தொடர்ந்து 15 நாட்கள் விடுமுறையுமாக நான்கு சுற்றுகள் நடைபெறும். நான்கு சுற்றுகளின் கூட்டுத்தொகை 180 நாட்களாகும். மரபு நாட்காட்டியின் வேலைநாட்களும் பெரும்பாலான மாநிலங்களில் ஏறத்தாழ 180 நாட்களே. ஆகவே மாறுவது நாட்களின் இருப்பிடம் மட்டுமே. இதனைக் கருதி இக்கட்டுரை அம்முறையைப் 'பகிர்நாட்காட்டி' என்றே குறிக்கிறது.

1. தோற்றம் பற்றிய கதை

கோடை விடுமுறையை எதிர்ப்போர் பெரும்பாலும் ஒரு வரலாற்றுக் கூற்றிலிருந்து தொடங்குகின்றனர். வயல்வேலைக்குக் குழந்தைகள் தேவைப்பட்ட காலத்தில் இவ்விடுமுறை உருவானது. வேளாண் சமூகம் மறைந்தபின் அதற்கு நியாயமில்லை என்பது அவர்தம் வாதம். கேட்டதும் ஏற்கத்தோன்றும் இக்கூற்று வேளாண்மையின் நடைமுறைக்கே பொருந்தவில்லை. மிதவெப்ப மண்டலத்தில் விதைப்பு இளவேனிலிலும் அறுவடை பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் நிகழ்வன. குழந்தைகளின் உழைப்பு மிகுதியும் தேவைப்பட்ட பருவங்கள் அவையே. எனவே 19ஆம் நூற்றாண்டின் நாட்டுப்புறப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவமும் கோடையில் ஒரு பருவமும் நடைபெற்றன. இடைப்பட்ட பருவங்களில் மூடப்பட்டிருந்தன.

அமெரிக்கக் கோடைக் கல்வியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து கென்னத் கோல்ட் 2002இல் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவுபடுத்துகிறது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெருநகரப் பள்ளிகள் ஆண்டின் பெரும்பகுதியும் திறந்திருந்தன. பிற்பாதியில் நகரப் பள்ளிகள் தம் கோடைப் பருவத்தைக் கைவிட்டன. நாட்டுப்புறப் பள்ளிகள் தம் பருவங்களை ஒன்றிணைத்தன. இவ்விரு போக்கும் சந்தித்த இடமே இன்றைய நாட்காட்டி. மிகையான படிப்பு உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் என்னும் அக்கால மருத்துவ நம்பிக்கை, கோடையில் குறைந்த வருகை, ஆசிரியர் பயிற்சிக்கான காலத்தேவை ஆகியன இம்மாற்றத்துக்குக் காரணமாயின.

தோற்றக் கதை பிழை என்பதனால் கோடை விடுமுறை சரியானதாகிவிடாது. ஒரு நிறுவனத்தின் தொடக்கம் எதுவாயினும் அதன் இன்றைய பயனே மதிப்பீட்டுக்குரியது. எனினும் ஒரு குறிப்பை இங்கு விடுதல் ஆகாது. இவ்விடுமுறை ஏற்கெனவே ஒருமுறை கல்விச் சீர்திருத்தத்தின் பெயராலேயே அமைக்கப்பட்டது. பழமையின் எச்சம் என அதனை ஒதுக்குவோர், தாமும் அதே வகையான சீர்திருத்தத்தையே முன்வைக்கின்றனர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

2. கற்றல் இழப்பும் அளவுகோலும்

இரண்டாவது கருத்தே இவ்விவாதத்தின் மையம். ஹாரிஸ் கூப்பரும் அவர்தம் உடனாய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது. அதன்படி, கோடை விடுமுறைக்குப் பிந்தைய தேர்வு மதிப்பெண்கள் முந்தையவற்றைவிடச் சராசரியாக ஒரு மாதக் கற்றலுக்கு ஈடான அளவு குறைந்திருந்தன. கணக்கிடும் திறனிலும் எழுத்துக்கூட்டலிலும் சரிவு மிகுந்திருந்தது. வாசிப்பில் வர்க்க வேறுபாடு புலப்பட்டது. நடுத்தர வர்க்கக் குழந்தைகள் சில வாசிப்புத் தேர்வுகளில் முன்னேற, வறிய குடும்பத்துக் குழந்தைகள் பின்தங்கினர்.

இவ்வேறுபாட்டுக்குச் சமூகவியல் விளக்கம் அளித்தது பால்டிமோர் நகர ஆய்வாகும். கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில், லிண்டா ஓல்சன் ஆகியோர் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். பள்ளி நடைபெறும் மாதங்களில் இரு வர்க்கத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறுகின்றனர். இடைவெளி கோடையில்தான் விரிகிறது என்பது அவர்களின் கண்டறிதல். ஒன்பதாம் வகுப்பில் காணப்படும் வர்க்க இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொடக்கப்பள்ளிக் கோடைகளில் விளைந்தது என 2007இல் வெளியான அவர்களின் கட்டுரை கணித்தது. பள்ளியைக் குழாய்நீருக்கு ஒப்பிட்ட அவர்களின் உவமை பரவலாக அறியப்பட்டது. குழாய் திறந்திருக்கும்போது எல்லார்க்கும் நீர் கிடைக்கிறது. மூடப்பட்டபின் சேமிப்புடைய வீட்டார்க்கே கிடைக்கிறது.

இக்கண்டறிதலின் ஆற்றல் அதன் அறச்சார்பில் உள்ளது. பள்ளியே ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்னும் குற்றச்சாட்டுக்கு அது மறுப்பாகவும், பொதுக் கல்விக்கு அரணாகவும் அமைந்தது. ஆயினும் ஒரு முடிவு நமக்கு உவப்பானதாக இருப்பதனாலேயே அதன் அளவுகோலைச் சோதிக்காமல் விடுதல் தகாது.

அச்சோதனையைப் பால் வான் ஹிப்பெலும் கேலப் ஹாம்ராக்கும் மேற்கொண்டு 2019இல் வெளியிட்டனர். அவர்கள் சுட்டிய குறைகள் இரண்டு. முதலாவது, தேர்வுத் தாளின் மாற்றம். பழைய ஆய்வுகளில் குழந்தை கோடைக்கு முன் முதல் வகுப்புக்குரிய தாளையும், கோடைக்குப் பின் இரண்டாம் வகுப்புக்குரிய தாளையும் எழுதியது. இரு மதிப்பெண்களின் வேறுபாடு கோடையின் விளைவா, தாளின் விளைவா எனப் பிரித்தறிய இயலாது. இரண்டாவது, மதிப்பெண் அளவுகோலின் அமைப்பு. பால்டிமோரில் பயன்பட்ட பழைய அளவுகோல், வகுப்பு உயர உயர மதிப்பெண்களின் பரவல் தானாகவே விரியும் வகையில் அமைந்தது. அத்தகைய அளவுகோலில் எந்த இரு குழுவினர்க்கிடையிலும் இடைவெளி வளர்வதாகவே தோன்றும். பிற்காலத் தேர்வுக் கோட்பாட்டின்படி அமைந்த அளவுகோல்களைக் கொண்டு புதிய தரவுகளை ஆராய்ந்தபோது, இடைவெளி அவ்வாறு பன்மடங்கு விரியவில்லை. மாறாக, இடைவெளியின் பெரும்பகுதி குழந்தை பள்ளியில் சேரும் முன்பே உருவாகிவிட்டிருந்தது.

இங்கு இரு எச்சரிக்கைகள் தேவை. கோடையில் கற்றலின் வேகம் குறைகிறது என்பதை இத்திறனாய்வு மறுக்கவில்லை. பள்ளி மாதங்களோடு ஒப்பிடுகையில் கோடையில் எல்லாக் குழந்தைகளும் மெதுவாகவே கற்கின்றனர் அல்லது தேக்கமடைகின்றனர். மறுக்கப்படுவது, வர்க்க இடைவெளியின் பிறப்பிடம் கோடையே என்னும் உறுதிப்பாடு. மேலும், தேக்கம் என்பதும் இழப்பு என்பதும் ஒன்றல்ல. முன்னது வாய்ப்பின்மையைக் குறிக்கிறது. பின்னது பெற்றதை இழத்தலைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது கருத்துக் குழப்பத்துக்கு வழிகோலும்.

3. பகிர்வால் விளைந்தது என்ன?

கோடைத் தேக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், விடுமுறையைப் பகிர்வதால் அது நீங்குமா என்பது தனி வினா. கூப்பரும் பிறரும் 2003இல் வெளியிட்ட மற்றொரு தொகுப்பாய்வு பகிர்நாட்காட்டியின் விளைவை மதிப்பிட்டது. சராசரி விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. வசதிக் குறைவான மாணவர்களிடம் ஓரளவு கூடுதல் பயன் தென்பட்டது. ஆனால் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின் தரம் உறுதியான முடிவுக்கு இடம்தரவில்லை என்பதை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டனர். 1996ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டுகையில், அதே ஆய்வாளரின் 2003ஆம் ஆண்டுக் கட்டுரை அவ்வளவாக எடுத்தாளப்படாமை கவனத்திற்குரியது. நோயை விளக்கும் கட்டுரை பரவிய அளவுக்கு மருந்தைச் சோதித்த கட்டுரை பரவவில்லை.

வலுவான சான்று வட கரோலினா மாநிலத்தின் வேக் மாவட்டத்திலிருந்து கிடைத்தது. 2007இல் அங்கு 22 பள்ளிகள் கட்டாயமாகப் பகிர்நாட்காட்டிக்கு மாற்றப்பட்டன. விரும்பிச் சேர்ந்தோரை மட்டும் ஆராய்ந்தால், அக்கறை மிகுந்த பெற்றோரின் பங்கு நாட்காட்டியின் பயனாகத் தோன்றக்கூடும். கட்டாய மாற்றத்தில் அச்சிக்கல் குறைவு. ஸ்டீவன் மெக்மல்லனும் கேத்ரின் ரவுஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, சராசரி மாணவரின் கற்றல் அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை எனக் கண்டது.

தேசிய அளவிலான தரவுகளைக் கொண்டு வான் ஹிப்பெல் மேற்கொண்ட ஒப்பீடு இதற்கான காரணத்தைக் காட்டுகிறது. பகிர்நாட்காட்டிப் பள்ளிக் குழந்தைகள் கோடை மாதங்களில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கற்கின்றனர். அம்மாதங்களில் அவர்கள் பள்ளியில் இருப்பதே அதற்குக் காரணம். ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அவர்களுக்கு விடுமுறை மிகுதி. ஆகவே அப்போது குறைவாகக் கற்கின்றனர். ஆண்டிறுதியில் இரு சாராரின் கூட்டுத்தொகையும் ஒன்றே. ஒரு நீண்ட தேக்கம் நான்கு சிறு தேக்கங்களாக மாறியது என்பதே இதன் பொருள்.

4. கட்டட நெருக்கடியும் பல்தட நாட்காட்டியும்

பகிர்நாட்காட்டி பரவியமைக்குக் கற்றல் அக்கறை மட்டுமே காரணம் அன்று; இடநெருக்கடி அதனினும் வலிய காரணமாக இருந்தது. பல்தட முறையில் மாணவர் பல குழுக்களாகப் பிரிக்கப்படுவர். எந்நேரமும் ஒரு குழு விடுமுறையில் இருக்கும். நான்கு குழுக்களில் மூன்று மட்டும் பள்ளியில் இருந்தால், 1,000 இருக்கைகள் கொண்ட கட்டடத்தில் ஏறத்தாழ 1,333 மாணவர்களைச் சேர்க்கலாம். மூன்று குழுக்களில் இரண்டு மட்டும் இருந்தால் 1,500 பேரைச் சேர்க்கலாம். புதிய கட்டடம் எழுப்பாமலே கொள்ளளவு பெருகுகிறது.

இதன் கடுமையான வடிவம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைமுறையில் இருந்த 'கான்செப்ட் 6' நாட்காட்டி. அதில் மாணவர்களுக்கு 180 நாட்களுக்குப் பதிலாக 163 நாட்களே வகுப்பு நடைபெற்றது. நாளொன்றின் நேரத்தை நீட்டி மொத்த நிமிடங்கள் சரிசெய்யப்பட்டன. ஆண்டுக்கு 17 நாட்கள் என்பது பன்னிரண்டு ஆண்டுகளில் 204 நாட்கள் ஆகும். அதாவது ஒரு முழுக் கல்வியாண்டுக்கும் மேல். ஏட்டில் நிமிடங்கள் சரியாக இருந்தாலும், வீட்டுப்பாடம் செய்யும் மாலைகளும், ஒரு கருத்தை உறங்கியெழுந்து மீண்டும் எண்ணிப்பார்க்கும் இடைவேளைகளும் குறைந்தன. நெருக்கடி மிகுந்த பள்ளிகள் பெரும்பாலும் வறிய, குடிபெயர்ந்த குடும்பங்களின் பகுதிகளிலேயே இருந்தன. கலிபோர்னிய மாநிலத்தின் மீது 2000இல் தொடுக்கப்பட்ட 'வில்லியம்ஸ்' வழக்கில் இந்நாட்காட்டியும் ஒரு குறையாக முன்வைக்கப்பட்டது. 2004இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி இம்முறையைப் படிப்படியாகக் கைவிட 2012 எல்லையாகக் குறிக்கப்பட்டது. கலிபோர்னியத் தரவுகளைக் கொண்டு ஜெனிபர் கிரேவ்ஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வும் பல்தடப் பள்ளிகளில் கற்றல் அடைவு குறைந்ததையே காட்டுகிறது.

ஒற்றைத்தடப் பகிர்நாட்காட்டியால் பெரும் நன்மையும் இல்லை, பெருந்தீங்கும் இல்லை. பல்தட முறையிலோ தீங்கு தெரிகிறது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் வழங்கி, முன்னதற்கான வாதங்களைக் கொண்டு பின்னதை நியாயப்படுத்தியது இவ்விவாதத்தின் பெருங்குறை எனலாம்.

5. வெற்று நாட்களின் சுமை

கற்றல் அடைவு என்னும் ஒரே அளவுகோலால் நாட்காட்டியை மதிப்பிடுதலும் குறையுடையதே. சிதறிய விடுமுறைகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது கடினம். பகிர்நாட்காட்டி தாய்மாரின் வேலைவாய்ப்பைக் குறைப்பதாகக் கிரேவ்ஸ் 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு காட்டுகிறது. மறுபுறம், நீண்ட கோடையைக் காப்பவர் அனைவரும் குழந்தை நலனைக் கருதுவோர் அல்லர். வர்ஜீனியா மாநிலத்தில் செப்டம்பர் முதல் வாரத் தொழிலாளர் நாளுக்கு முன் பள்ளி திறக்கக்கூடாது என 1986இல் இயற்றப்பட்ட சட்டம், ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பெயராலேயே அழைக்கப்பட்டது. 2019இல்தான் அது தளர்த்தப்பட்டது.

வறிய குழந்தைக்குக் கோடை என்பது உணவு பற்றிய கேள்வியுமாகும். பள்ளி மூடினால் பள்ளி உணவும் நிற்கிறது. இதனைக் கருதியே அமெரிக்க அரசு 2024 முதல் தகுதியுடைய குழந்தை ஒவ்வொன்றுக்கும் கோடைக்கென 120 டாலர் உணவு உதவியை நிலையான திட்டமாக்கியது. நாட்காட்டியை மாற்றாமலே வெற்று நாட்களின் சுமையைக் குறைக்க இயலும் என்பதற்கு இது சான்று.

6. தமிழ்வழிக் கல்விச் சூழல்

இவ்விவாதத்தைத் தமிழ்ச் சூழலுக்குக் கொணர்கையில் இரு வேறுபாடுகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, தமிழர் கல்வி ஒரே நாட்காட்டியில் நடைபெறவில்லை. தமிழ்நாட்டில் சூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஆண்டும் மே மாத நீள்விடுமுறையும் வழக்கில் உள்ளன. இலங்கையின் தமிழ்வழிப் பள்ளிகளோ மூன்று தவணைகளையும், ஏப்ரல், ஆகஸ்டு, திசம்பர் மாதங்களையொட்டிய விடுமுறைகளையும் நெடுங்காலமாகக் கொண்டுள்ளன. சிங்கப்பூரில் தமிழ் கற்கும் குழந்தைக்கு நான்கு பருவங்கள். அமெரிக்காவில் புதுமை எனப் பேசப்படுவதற்கு நெருங்கிய அமைப்புகள் தமிழ் கற்பிக்கப்படும் நாடுகளில் இயல்பாகவே நிலவுகின்றன.

இரண்டாவது, தமிழ்நாட்டின் மே விடுமுறைக்குத் தட்பவெப்பக் காரணம் வெளிப்படை. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் வெப்பத்தின் பொருட்டுப் பள்ளித் திறப்பே தள்ளிவைக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட வகுப்பறைகளை எண்ணி எழுதப்பட்ட வாதங்களை ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் கீழுள்ள வகுப்புகளுக்குப் பொருத்த இயலாது. மேலும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200, ஆறு முதல் எட்டு வரை 220 வேலைநாட்களை வரையறுத்துள்ளது. 1983இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்கக் கல்வி அறிக்கை தம் நாட்டுக்கு இலக்காகப் பரிந்துரைத்ததும் 200 முதல் 220 நாட்களே. நாட்களின் எண்ணிக்கையில் நம் சட்டம் அவ்விலக்கை ஏட்டளவில் எட்டிவிட்டது. எனவே நமக்குரிய வினா, அந்நாட்களில் எத்தனை உண்மையில் கற்பித்தலுக்குக் கிடைக்கின்றன என்பதே. தேர்வுகளுக்கும், கணக்கெடுப்பு, தேர்தல் போன்ற கல்விசாரா ஆசிரியப் பணிகளுக்கும், மழை விடுமுறைகளுக்கும் செல்லும் நாட்கள் மே மாத விடுமுறையைவிட ஆய்வுக்குரியவை.

உணவு பற்றிய கேள்வி நமக்கும் புதியதன்று. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. சத்துணவும், 2022 முதல் காலை உணவும் பெறும் தமிழ்நாட்டுக் குழந்தைக்கு மே மாதம் எத்தகையது என்னும் வினா, கற்றல் இழப்பு குறித்த வினாவுக்கு முன்னதாக எழவேண்டியது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. கோடை விடுமுறையின் வேளாண் தோற்றம் வரலாற்றால் உறுதிப்படவில்லை. கோடையில் கற்றல் மந்தமாவது உண்மை. அதுவே வர்க்க இடைவெளியின் ஊற்று என்பது பழைய அளவுகோல்களின் துணையால் மிகைப்படுத்தப்பட்டது. வேலைநாட்களைக் கூட்டாமல் இடம் மாற்றுவதால் கற்றல் கூடுவதில்லை. பல்தட முறை கட்டடச் செலவைக் குழந்தைகளின் மீது ஏற்றியது.

இச்சான்றுகள் நீள்விடுமுறைக்கு ஆதரவான தீர்ப்பும் ஆகா. விடுமுறை நாட்களில் நூலகமும், விளையாட்டும், உணவும், பேச்சுத்துணையும் வாய்த்த குழந்தைக்கு அந்நாட்கள் வளமானவை. வாய்க்காத குழந்தைக்கு அவை வெறுமையானவை. அந்நாட்களை மே மாதத்தில் சேர்த்து வைத்தாலும் நான்காகப் பகிர்ந்து வைத்தாலும் அவ்வெறுமை நிரம்புவதில்லை. ஆகவே தமிழ்ச் சூழலில் இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர், ஏப்ரல் இறுதியிலும் சூன் தொடக்கத்திலும் ஒரே அளவுகோலால் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளந்து, மே மாதத்தில் அவர்கள் எங்கிருந்தனர், என்ன உண்டனர், எவரோடு பேசினர் என்பதையும் உடன் பதிவுசெய்வது பயன்தரும். அத்தகைய தரவு கிடைக்கும்வரை நாட்காட்டி மாற்றத்தைக் கல்விச் சீர்திருத்தம் என அழைப்பதில் நிதானம் தேவை.